மட்டக்களப்பிலிருந்து பனிக்கரடியின் ஊருக்கு: முதல்முறை துருவம் பார்க்கப் போகிறவர்களுக்கு

மாரி மழை வலுப்பதற்கு முன் கல்லடிப் பக்கம் வாவியின் சேற்றுத்திடலில் போய் நின்றால், சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை ஓடி ஓடிக் கொத்துவதைப் பார்க்கலாம். கொசு உள்ளான் என்பார்கள். எடை சுமார் 25 கிராம். அது குஞ்சு பொரிக்கும் இடம் வட ரஷ்யாவின் துந்திரா. மரமே முளைக்காத அந்த உறைநிலத்திலிருந்து நம்முடைய சேற்றுக்கு அது ஆண்டுதோறும் பறந்து வருகிறது. அதன் ஊர் இருக்கும் துருவப் பக்கத்தை நாமும் ஒருமுறை போய்ப் பார்த்தால் என்ன என்ற ஆசைதான் சென்ற ஆண்டு ஜூன் மாதம் என்னை, நோர்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

திரும்பி வந்ததிலிருந்து காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று எல்லாப் பக்கத்து நண்பர்களும் கேட்பது ஒன்றுதான்: எங்கிருந்து தொடங்குவது? நான் செய்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

படி 1: வடக்கா, தெற்கா?

பனிக்கரடி வடக்கில் மட்டும்தான். பென்குயின் கூட்டத்தைப் பனிக்கட்டிக்கு நடுவே பார்க்க வேண்டுமென்றால் தெற்கே அண்டார்ட்டிக்காவுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது.

அண்டார்ட்டிக்காவுக்கான காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. பெரும்பாலான கப்பல்கள் ஆர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து புறப்படும். அங்கிருந்து அண்டார்ட்டிக்காவுக்கு இடையேயுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கும். உலகின் மிகக் கொந்தளிப்பான கடல்களில் அது ஒன்று. குஞ்சுப் பென்குயின்களைப் பார்க்க விரும்புவோர் டிசம்பர் கடைசி, ஜனவரி மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். திமிங்கிலம்தான் ஆசை என்றால் பெப்ரவரி, மார்ச். கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எத்தனை பயணிகள்? 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் அங்கே யாரையும் கரையிறக்குவதில்லை. சிறிய கப்பல்களிலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம். 1,000 பேர் போகும் கப்பலில் மலிவு விலைக்கு டிக்கெட் எடுத்தால் பென்குயினைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றே பார்ப்பீர்கள்.

கரையிறங்கும் கப்பல் பயணத்துக்குச் சில ஆயிரம் அமெரிக்க டொலர்கள் ஆகும். ஐயாயிரத்துக்குக் கீழே கிடைப்பது அரிது, விமானச் செலவு தனி. அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு, அதிலும் நோர்வேயில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு, நான் ஸ்வால்பார்ட்டையே சொல்வேன். எண்பதுகளின் பிற்பகுதியில் நம் தமிழர் பலர் நோர்வேயின் வடகோடி மாவட்டமான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று ஒஸ்லோவில் குடும்பமாக இருக்கிறார்கள். தங்க ஒரு வீடு இருந்தால் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

படி 2: விசாவில் ஒரு வரி

இந்தப் பந்தியை இரண்டு தடவை வாசியுங்கள். 1920ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஸ்வால்பார்ட் நோர்வேயின் ஆட்சிக்குள் இருந்தாலும், அங்கே போக விசா கேட்பதில்லை. ஆனால் விமானம் நோர்வே வழியாகத்தான் போகிறது. நோர்வேக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், ஒஸ்லோவிலிருந்து புறப்படும்போதே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே இருமுறை அல்லது பலமுறை நுழைவு விசா இருக்க வேண்டும்.

நான் முதல் தடவை விண்ணப்பத்தில் "ஒருமுறை" என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். விசாவும் அப்படியே வந்தது. சின்னம்மாவின் மகன் ஒஸ்லோவிலிருந்து தொலைபேசியில், "அண்ணா, போனால் திரும்பி வர முடியாதே" என்று சொன்னபோதுதான் விளங்கியது. ஓராண்டு தள்ளிப் போனது. சேர்த்து வைத்திருந்த விடுமுறையும் வீணானது. அந்தக் கட்டத்தை விரல் வைத்துப் பாருங்கள். அழைப்புக் கடிதம், வங்கிக் கூற்று, தொழில் உறுதிக் கடிதம், பயணக் காப்புறுதி ஆகியவற்றோடு ஸ்வால்பார்ட் விமான டிக்கெட் பதிவையும் இணைத்தால், இரண்டு நுழைவு ஏன் தேவை என்பது விசா அதிகாரிக்கு விளங்கும்.

தெற்கே போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. புவனஸ் அயர்ஸில் வெளிநாட்டு விமானம் இறங்கும் நிலையமும், உசுவாயாவுக்குப் புறப்படும் உள்நாட்டு நிலையமும் பெரும்பாலும் வேறு வேறு. நகரைக் கடந்து போக வேண்டும். ஓர் இரவு அங்கே தங்குவது நல்லது. பிரேசில் வழியாகப் போய் வருவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை தேவைப்படும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஊசி போட்டிருக்க வேண்டும்.

படி 3: வாவியில் பயிற்சி

பணமும் விசாவும் சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம். துருவத்தில் தேவைப்படும் மிகப் பெரிய திறமை, விலங்கிடமிருந்து தள்ளி நின்று காத்திருப்பது. அதற்கு வாவிக்கரையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

8×42 அளவுள்ள, அதாவது எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள். இதைவிட அதிகம் பெருக்கிக் காட்டுவது ஆடும் படகில் கண்ணைச் சுற்ற வைக்கும். வற்றுநீர் நேரத்தில் சேற்றுத்திடலுக்குப் போய் உள்ளான் கூட்டத்தை நோக்கி மெதுவாக நடங்கள். ஏதாவதொரு பறவை கொத்துவதை நிறுத்தித் தலையை உயர்த்தும் கணத்தில் நின்றுவிடுங்கள். அந்தத் தூரம்தான் எல்லை. அதிலிருந்து பத்தடி பின்வாங்கி, உட்கார்ந்து, பறவை மறுபடி கொத்தத் தொடங்கும்வரை காத்திருங்கள். எனக்கு முதல்நாள் அது 40 நிமிடம் பிடித்தது.

இதையே குமண தேசிய பூங்காவிலும், சேனநாயக்க சமுத்திரக் குளத்தில் தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் படகிலிருந்து பார்க்கும்போதும் செய்து பாருங்கள். யானை காதாட்டுவதை நிறுத்தினால், சீல் என்ற கடல்நாய் தலையைத் தூக்கினால், பென்குயின் நடையை நிறுத்தினால், மூன்றும் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள்.

அங்கே இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்ட்டில் பனிக்கரடியிடமிருந்து 300 மீற்றர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீற்றர். அண்டார்ட்டிக்காவில் பென்குயினுக்கு 5 மீற்றர். பறவைக் காய்ச்சல் 2024இல் அண்டார்ட்டிக்கப் பெருநிலத்துக்கும் வந்துவிட்டதால், கரையில் உட்காரவோ பையைக் கீழே வைக்கவோ விடமாட்டார்கள். சப்பாத்தின் அடியைத் தூரிகையால் தேய்த்துக் கிருமிநாசினியில் முக்கிய பிறகே ஏறி இறங்கலாம். இந்தக் கட்டுப்பாடுகளைச் சுமையாக நினைப்பவர் தயவுசெய்து போகவே வேண்டாம்.

படி 4: உடுப்பு

வெயிலில் வளர்ந்த நாம் செய்யும் தவறு, இருப்பதிலேயே தடித்த ஜக்கற் ஒன்றை வாங்கி அதற்குள் பருத்திச் சட்டை போடுவது. பருத்தி வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நின்ற இடத்தில் நடுக்கம் வரும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் பஞ்சு போன்ற செயற்கைத் துணியில் ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத அங்கி. இந்த மூன்றும் போதும். ஜூலையில் ஸ்வால்பார்ட்டின் முக்கிய ஊரான லோங்யியர்பியன் நகரின் வெப்பநிலை 5 முதல் 8 பாகை வரை. வாட்டுவது குளிரைவிடக் காற்றுத்தான். நுவரெலியா பேல் பஜாரில் இவற்றில் பலவற்றைக் குறைந்த விலைக்கு எடுக்கலாம். கையுறை இரண்டு சோடி வேண்டும். நீண்ட இறப்பர் சப்பாத்தைப் பல கப்பல்கள் இரவலாகவே தரும், வாங்குமுன் கேளுங்கள்.

காலுறை ஓட்டையில்லாமல் இருக்கட்டும். லோங்யியர்பியனில் விடுதி, அருங்காட்சியகம் எங்கும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நிலக்கரிச் சுரங்கக் காலத்தில் கரித்தூள் உள்ளே வராமலிருக்கத் தொடங்கிய வழக்கம். நம் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது.

படி 5: மருந்து, உணவு, காப்புறுதி

கடல் குமட்டலுக்கான மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு, கப்பல் ஆடத் தொடங்குமுன்பே போடுங்கள். காப்புறுதியில் துருவப் பகுதியிலிருந்து அவசர மீட்புக்கான செலவு எழுத்தில் இருக்க வேண்டும். சைவம், ஹலால் உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள்.

படி 6: அங்கே போனபின்

ஒஸ்லோவிலிருந்து மூன்று மணிநேரம் பறந்து வடக்கு அகலக்கோடு 78 பாகையில் இறங்குவீர்கள். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஓகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் மறையாது. கண்ணை மறைக்கும் துணியொன்று கொண்டுபோங்கள். ஊர் எல்லையைத் தாண்டித் தனியே நடக்க வேண்டாம், கரடி எங்கும் வரலாம். வழிகாட்டி துப்பாக்கியோடு வருவார். ஆலாப் பறவைகள் கூடு கட்டிய இடத்தைக் கடந்தால் அவை தலையில் கொத்த வரும். ஒரு தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் தடியின் நுனியைத்தான் கொத்தும்.

கமராவின் மேலதிக பற்றரியை உட்சட்டைப் பையில் உடற்சூட்டில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். வெளியிலிருந்து அறைக்குள் வருமுன் கமராவைப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டுங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும், வில்லையில் படியாது.

கரடியைத் தேடும்போது வெள்ளையைத் தேடாதீர்கள். பனிதான் வெள்ளை. கரடி பழைய நெய்யின் நிறம். நான் பார்த்தது 500 மீற்றருக்கு அப்பால், கடற்பனியின் ஓரத்தில் படுத்திருந்த ஒரு மஞ்சள் மேடு. ஒரு மணிநேரத்தில் அது இரண்டு தடவை தலையைத் திருப்பியது. ஒருமுறையும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

பனியாற்றின் முகப்பில் பெரிய கட்டியொன்று உடைந்து விழுந்தபோது முதலில் சத்தமே வரவில்லை. நீல நிறத்தில் ஒரு சுவர் சரிந்தது, தண்ணீர் எழுந்தது. மூன்று விநாடி கழித்தே இடி போன்ற ஓசை வந்து சேர்ந்தது.

கடைசி மாலை இறப்பர்ப் படகில் ஒரு குடாவுக்குள் போனோம். வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, கைப்பிடியைக் காதில் வைக்கச் சொன்னார். கல்லடிப் பாலத்தடியில் நிலா நாளில் மீன் பாடுவதைக் கேட்க அப்பா எனக்குக் காட்டித்தந்ததும் இதே முறைதான். மரத்தில் காது குளிர்ந்தது. முதலில் நீர்க்குமிழியின் சலசலப்பு மட்டும். பிறகு மிக உயரத்திலிருந்து சுழன்று சுழன்று இறங்கும் ஒரு நீண்ட விசில். பனிக்கு அடியில் எங்கோ, தாடிச் சீல் ஒன்று தன் துணையை அழைத்துக்கொண்டிருந்தது.