ரூட் கடவுச்சொல் இல்லாமல் உங்களுக்கென ஒரு மென்பொருள் களஞ்சியம்: பிகேஜிஎஸ்ஆர்சி நிறுவும் முறை

அக்கா மகள் சேலத்தில் கணினி அறிவியல் படிக்கிறாள். வாரநாட்களில் விடுதி, சனி ஞாயிறு ஏற்காட்டில் எங்கள் வீடு. கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது உபுண்டு லினக்ஸ். வீட்டில் இருப்பது என்னுடைய பழைய ஆப்பிள் மடிக்கணினி. போன மாதம் வந்ததும் வராததுமாக, "மாமா, எனக்கு டிமக்ஸ் வேண்டும். ஆய்வகத்தில் ஏபிடி இன்ஸ்டால் என்று போட்டால் கடவுச்சொல் கேட்கிறது. இங்கே போட்டால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது" என்றாள்.

டிமக்ஸ் என்பது ஒரே டெர்மினலில் பல திரைகளைத் திறந்துவைக்க உதவும் மென்பொருள். ஏபிடி என்பது உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி. அங்கே ரூட் எனப்படும் நிர்வாகி உரிமை இல்லை, இங்கே கருவி இல்லை. இரண்டையும் ஒரே வழியில் தீர்க்கலாம். அதற்கான மென்பொருளின் பெயர் பிகேஜிஎஸ்ஆர்சி. 'பேக்கேஜ் சோர்ஸ்' என்று வாசிப்பார்கள். நெட்பிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்குபவர்கள், ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து பிரித்து எடுத்து வளர்த்தது. நம் ஊரில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே 1997இல் இதுவும் தொடங்கியது. லினக்ஸ், மேக்ஓஎஸ், சோலாரிஸ், பிஎஸ்டி குடும்பம் என யுனிக்ஸ் வழிவந்த பலவற்றிலும் ஓடும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காப்பியைத் தூளாகவும் வாங்கலாம், கொட்டையாக வாங்கி வீட்டில் வறுத்து அரைத்தும் கொள்ளலாம். ஏபிடி தருவது தூள். உபுண்டுவுக்கென்று அரைத்த தூள் ஆப்பிள் கணினியின் ஃபில்டரில் இறங்காது. பிகேஜிஎஸ்ஆர்சி தருவது கொட்டையும், எந்த அடுப்பில் எப்படி வறுக்க வேண்டும் என்ற குறிப்பும். மூல நிரல் எங்கும் ஒன்றுதான். உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆவதால், அதாவது இயங்கும் நிரலாக மாற்றப்படுவதால், அந்தக் கணினிக்குப் பொருந்திவிடுகிறது. நேரம் கூடுதலாகும், அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

மென்பொருள் நிறுவ ஹோம்ப்ரூ என்ற கருவி போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கருவிதான், லினக்ஸிலும் ஓடும். ஆனால் லினக்ஸில் அதன் ஆயத்தத் தொகுப்புகள் (முன்பே கம்பைல் செய்தவை) உங்கள் சொந்த ஹோமுக்கு வெளியே, எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான /ஹோம் கோப்புறைக்குள் லினக்ஸ்ப்ரூ என்ற தனி இடத்தை எதிர்பார்க்கின்றன. அதை உருவாக்க நிர்வாகி உரிமை வேண்டும். நிக்ஸ் என்ற இன்னொரு கருவி வழக்கமாக வேர்க் கோப்புறையிலேயே இடம் கேட்கும். ஆய்வகக் கணினியில் ஒரு மாணவிக்கு இரண்டும் எட்டாது. பிகேஜிஎஸ்ஆர்சி உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் அடங்கிவிடும். ரூட் தேவையில்லை என்பதால் அனுமதியும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தபடி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். எழுத்தெழுத்தாக ஒலிப்பதை எழுத்தெழுத்தாகவும், சொல்லாக ஒலிப்பதைச் சொல்லாகவும் தட்ட வேண்டும். எல்லாம் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்கிறேன்.

படி 1: அடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

ஜிசிசி --வெர்ஷன்

பதிப்பு எண் வந்தால் கம்பைலர் இருக்கிறது. கணினி அறிவியல் ஆய்வகங்களில் பெரும்பாலும் இருக்கும். ஆப்பிள் கணினியில் இல்லையென்றால் 'எக்ஸ்கோடு-செலக்ட் --இன்ஸ்டால்' என்ற கட்டளை அதை இறக்கித் தரும். ஐந்து ஜிபி அளவுக்காவது இடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஹோம் கோப்புறையின் பாதையில் எங்கும் இடைவெளி இருக்கக் கூடாது. பயனர் பெயரில் முதலெழுத்தையும் பெயரையும் இடைவெளி விட்டு எழுதியிருந்தால் கம்பைல் பாதி வழியில் முறிந்துவிடும்.

படி 2: மரத்தை இறக்குங்கள்

மரம் என்பது எல்லா மென்பொருளுக்குமான குறிப்புகள் அடங்கிய கோப்புறைத் தொகுப்பு. நெட்பிஎஸ்டி திட்டத்தின் தளத்தில் 'பப்' கோப்புறை, அதனுள் 'பிகேஜிஎஸ்ஆர்சி', அதனுள் 'ஸ்டேபிள்'. அங்கே பிகேஜிஎஸ்ஆர்சி.டார்.ஜிஇஸட் என்ற ஒரே கோப்பாக இருப்பதை எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய கிளை வெளியாகும். ஆண்டும் காலாண்டு எண்ணும் சேர்ந்ததுதான் அதன் பெயர். ஸ்டேபிள் என்பது அவற்றில் அண்மையது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் அன்றாடம் மாறும் 'கரண்ட்' பக்கம் போக வேண்டாம்.

கோப்பை ஹோம் கோப்புறையில் வைத்துப் பிரியுங்கள்:

டார் எக்ஸ்இஸட்எஃப் பிகேஜிஎஸ்ஆர்சி.டார்.ஜிஇஸட்

பல பத்தாயிரம் சிறு கோப்புகள் வெளிவரும். அதனால் பழைய வட்டுள்ள கணினியில் சற்று நேரம் பிடிக்கும். பென் டிரைவில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதானால் பிரிக்காமல் கொண்டுபோய், போன இடத்தில் பிரியுங்கள்.

படி 3: பூட்ஸ்ட்ராப்

சிடி ~/பிகேஜிஎஸ்ஆர்சி/பூட்ஸ்ட்ராப்
./பூட்ஸ்ட்ராப் --அன்ப்ரிவிலேஜ்டு

இரண்டாவது வரிதான் இந்தப் பதிவின் உயிர். முன்னால் இருக்கும் புள்ளியையும் சாய்கோட்டையும் விட்டுவிடாதீர்கள். அந்த நீளமான சொல்லின் எழுத்துக்கூட்டலில் ஐயம் இருந்தால் './பூட்ஸ்ட்ராப் --ஹெல்ப்' என்று போடுங்கள். எல்லாத் தெரிவுகளும் திரையில் வரும், அதைப் பார்த்துத் தட்டலாம். 'உரிமை இல்லாதவர்' என்பதே அந்தச் சொல்லின் பொருள். அதைக் கொடுத்தால் கணினியின் பொது இடங்களைத் தொடாமல், உங்கள் ஹோம் கோப்புறைக்குள் 'பிகேஜி' என்ற ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைக்கும்.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அஞ்ச வேண்டாம். முதலில் தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே கட்டிக்கொள்கிறது. அவற்றில் முதன்மையானது பிமேக். லினக்ஸ்காரர்கள் அறிந்த மேக் கட்டளையின் பிஎஸ்டி வடிவம் அது, முன்னால் ஒரு பி. முடிந்ததும் எந்தப் பாதையைச் சேர்க்க வேண்டும், அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பயன்படுத்தியதற்கு நன்றி என்று ஒரு வரி வரும். அந்த நன்றி வந்தால் நிறுவல் சரி.

இடையில் மின்சாரம் போய்விட்டதா? மழைக்காலத்தில் மலையில் இது நடக்கும். மறுபடி ஓட்டினால் 'வொர்க்' என்ற கோப்புறை ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். பூட்ஸ்ட்ராப் கோப்புறைக்குள் இருக்கும் அந்த வொர்க்கை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

படி 4: பாதை

புதிய கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்று டெர்மினலுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஆய்வக உபுண்டுவில் ஹோமில் இருக்கும் .பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 2019க்குப் பிந்தைய மேக்ஓஎஸ்ஸில் அதற்குப் பதில் .இஸட்எஸ்ஹெச்ஆர்சி.

எக்ஸ்போர்ட் பாத்=$ஹோம்/பிகேஜி/பின்:$ஹோம்/பிகேஜி/எஸ்பின்:$பாத்

இதில் பாத், ஹோம் இரண்டும் பெரிய எழுத்துகள். சமன் குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. டெர்மினலை மூடித் திறந்து 'விச் பிமேக்' என்று கேளுங்கள். உங்கள் ஹோம் பாதை பதிலாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 5: முதல் மென்பொருள்

சிடி ~/பிகேஜிஎஸ்ஆர்சி/மிஸ்க்/டிமக்ஸ்
பிமேக் இன்ஸ்டால் கிளீன் கிளீன்-டிபெண்ட்ஸ்

டிமக்ஸுக்கு வேறு சில நூலகங்கள் தேவை. அவற்றை நீங்கள் தேடிப் போக வேண்டாம். தட்டுவடை செட் ஒன்று என்று கேட்டால் சட்னியையும் துருவிய காய்களையும் கடைக்காரரே வைத்துத் தருவதுபோல, வேண்டியதெல்லாம் தானாக வரிசையில் வந்து சேரும். கடைசி இரண்டு சொற்கள் கம்பைல் செய்த குப்பையைக் கூட்டித் தள்ளும். இடம் குறைந்த கணினியில் அவை அவசியம்.

பழக்கதோஷத்தில் பி இல்லாமல் வெறும் மேக் என்று தட்டினால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' போன்ற ஒரு பிழை வரும். அக்கா மகள் இந்த இடத்தில் அரைமணி நேரம் கோப்பில் தவறு தேடிக்கொண்டிருந்தாள். கோப்பில் தவறில்லை, ஒரு பி சேர்த்தால் தீர்ந்தது.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். ஆய்வகத்தில் இணையம் கட்டுப்பாட்டுக்குட்பட்டது. ஆகவே ஞாயிறு மாலை வீட்டில் இறங்கிய மூலக் கோப்புகளை, அதாவது ~/பிகேஜிஎஸ்ஆர்சி/டிஸ்ட்ஃபைல்ஸ் கோப்புறையில் இருப்பவற்றை, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். மலையில் ஆப்பிளுக்காக இறக்கிய அதே கோப்பு இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே உபுண்டுவுக்கும் உதவும். மூல நிரலாக வைத்திருப்பதன் பெரிய ஆதாயம் இதுதான். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, பிரதி எடுத்து முடிவதற்குள் டிரைவைப் பிடுங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை ஆய்வகத்தில் 'செக்சம் மிஸ்மேட்ச்' என்று திரையில் வந்தது.

செக்சம் என்பது கோப்பின் கைரேகை. ஒவ்வொரு மென்பொருளின் கோப்புறையிலும் டிஸ்ட்இன்ஃபோ என்ற சிறு கோப்பு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். மூலக் கோப்பின் பெயர், பைட் கணக்கில் அதன் அளவு, பிளேக்2எஸ், எஸ்ஹெச்ஏ512 என்ற இரண்டு முறைகளில் கணித்த நீண்ட எண்கள் இருக்கும். உங்களிடம் வந்த கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் பொருந்தாது, வேலை அங்கேயே நிற்கும். அவளுடைய கோப்பின் அளவை 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்க்கச் சொன்னேன். டிஸ்ட்இன்ஃபோவில் இருந்ததில் பாதிகூட இல்லை.

பிழைச் செய்தியின் கீழேயே, இந்தச் சோதனையைத் தாண்ட வேண்டுமானால் 'நோ_செக்சம்=யெஸ்' என்று சேர்க்கலாம் என்று ஒரு வரி வரும். அவசரத்தில் இருக்கும் கைக்கு அது வரப்பிரசாதம்போலத் தோன்றும். தயவுசெய்து சேர்க்காதீர்கள். அரைகுறைக் கோப்பாக இருந்தால் கம்பைல் மட்டும்தான் கெடும். யாரோ வழியில் மாற்றிவைத்த கோப்பாக இருந்தால், அது உங்கள் பெயரில், உங்கள் கோப்புகளைப் படிக்கும் உரிமையோடு ஓடும். டிஸ்ட்ஃபைல்ஸிலிருந்து அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள், அல்லது மறுபடி பிரதி எடுங்கள். பிரதி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும், எஜெக்ட் கொடுத்த பின்பே டிரைவைக் கழற்றுங்கள்.

படி 6: சிறு திருத்தங்கள்

~/பிகேஜி/ஈடிசி/எம்கே.கான்ஃப் என்பது அமைப்புக் கோப்பு. அதில் '.எண்டிஃப்' என்ற வரிக்கு மேலே இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர்கள் பெரிய எழுத்தில்:

மேக்_ஜாப்ஸ்=2
டபிள்யூஆர்கேஓபிஜேடிர்=/டிஎம்பி/உங்கள்பெயர்-வொர்க்

முதலாவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை ஓட்டும். இரண்டாவது, கம்பைல் குப்பையை ஹோமுக்கு வெளியே போடும். ஆய்வகத்தில் ஹோமுக்கு இட வரம்பு வைத்திருந்தால் இந்த வரி இல்லாமல் பெரிய மென்பொருள் எதுவும் முடியாது.

ஆயத்தத் தொகுப்புகளும் உண்டு, பிகேஜின் என்ற கருவி அவற்றை நொடியில் நிறுவும். ஆனால் அவை குறிப்பிட்ட பாதைக்கென்று கட்டப்பட்டவை. உங்கள் ஹோமுக்குள் இருக்கும் பிகேஜிக்குப் பொருந்தமாட்டா. சொந்தக் கணினியில் நிர்வாகி உரிமை இருப்பவர்களுக்கே அந்த வழி.

படி 7: பராமரிப்பு

'பிகேஜி_இன்ஃபோ' நிறுவியவற்றைப் பட்டியலிடும். 'பிகேஜி_டிலீட்' என்பதோடு பெயரைச் சேர்த்தால் நீக்கும். மாதம் ஒருமுறையாவது இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

பிகேஜி_அட்மின் ஃபெட்ச்-பிகேஜி-வல்னரபிலிட்டீஸ்
பிகேஜி_அட்மின் ஆடிட்

முதலாவது, அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளின் பட்டியலை இறக்கும். இரண்டாவது, உங்களிடம் இருப்பவற்றை அதோடு ஒப்பிட்டுச் சொல்லும். ஆய்வக நிர்வாகி உங்கள் பிகேஜி கோப்புறையைப் புதுப்பிக்கமாட்டார், அந்தப் பொறுப்பு உங்களுடையது. புதிய காலாண்டுக் கிளை வந்ததும் பழைய மரத்தின் டிஸ்ட்ஃபைல்ஸைத் தனியே எடுத்துவைத்து, பழைய மரத்தை அழித்து, புதிய மரத்தை அதே இடத்தில் பிரித்து, அதனுள் டிஸ்ட்ஃபைல்ஸைத் திரும்ப வையுங்கள். பிறகு பிகேஜிடூல்ஸ் பிரிவில் உள்ள பிகேஜி_ரோலிங்-ரீப்ளேஸ் என்பதை நிறுவி, '-யூவி' சேர்த்து ஓட்டினால் மாறியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும். இரவு படுக்கப்போகும் முன் தொடங்குங்கள்.

படிப்பு முடிந்து ஆய்வகக் கணக்கை ஒப்படைக்கும் நாளில் நீக்க வேண்டியவை ஹோமில் உள்ள பிகேஜி, பிகேஜிஎஸ்ஆர்சி என்ற இரண்டு கோப்புறைகள், டிஎம்பியில் உங்கள் பெயரில் கிடக்கும் கோப்புறை, .பாஷ்ஆர்சியில் நீங்கள் சேர்த்த அந்த ஒரு வரி. டிஸ்ட்ஃபைல்ஸை மட்டும் அழிக்கும் முன் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.