தடைக்காலம் காலண்டரிலேயே இருக்கிறது

சென்னை காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017க்கு முன்பு 45 நாள்தான். தொடங்கும் தேதி மாறுவதே இல்லை. ஆனாலும் பங்குனி முடியும்போதுதான் "இந்த ரெண்டு மாசம் எப்படி ஓட்றது?" என்ற பேச்சு கிளம்பும். வரும் என்று தெரிந்த செலவைத் திடீர்ச் செலவு போல நடத்துவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்ததே, அதை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போட்டிருக்க முடியாது. ஃபிராங்க் நைட் என்ற பொருளியலாளர் 1921லேயே பிரித்துக் காட்டினார். கடல் கணக்கில் சொன்னால், வலை காலியாக வரும் நாட்களைப் பழைய அனுபவத்தால் கணிக்கலாம், அது ரிஸ்க், கணிப்புக்கே சிக்காதது வேறு. தெரிந்த 61 நாளுக்கே கடன் வாங்கித் தீர்த்துவிட்டால், தெரியாததற்குக் கையில் என்ன இருக்கும்?

தினம் தினம் திருப்பிக் கட்டும் வட்டிக் கடனான தண்டல் கணக்கு இன்னொன்று. மீன் விற்கும் என் பெரியம்மா 10,000 ரூபாய் எடுத்தார். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தார்கள். தினம் 100 வீதம் 100 நாள். கட்டம் போட்ட அட்டையில் நாளுக்கொரு கிறுக்கல்.

"நூத்துக்குப் பதினஞ்சுதான்டா, பேங்க்லயும் அப்டிதான் வாங்குறான்."

"இல்ல பெரிம்மா, 50 நாள்ல பாதியக் கட்டிட்ற. மொத்தப் பணமும் 100 நாள் உன்கிட்ட எங்க இருக்குது?"

குறைந்துகொண்டே வரும் அசலுக்குப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 120 சதவீதம்.

"வருசக் கணக்க நீ வச்சிக்கோ. எனக்கு விடியகாலைல சரக்கு எடுக்கணும்."

அதிலும் நியாயம் உண்டு. கூடையில் போட்ட பணம் பொழுது சாய்வதற்குள் லாபத்தோடு திரும்பிவிடும். அதே தண்டலை வீட்டு அரிசிக்கு எடுத்தால் எங்கிருந்து திரும்பும்? ஏலச்சீட்டை முதல் மாதமே பெரிய தள்ளுக்கு, அதாவது நிறைய தொகையை விட்டுக்கொடுத்து, எடுப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டினால், மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு 1,500 போட்டு 4,500 ஆகத் தருகின்றன. பெரிய தொகை இல்லைதான். ஆனால் இப்படி மூன்று மடங்காக வேறு எந்தச் சீட்டு தரும்?

தடை முடிந்த கையோடு நல்ல பாடு, அதாவது நிறைய மீன், கிடைத்தால் வேறொரு தவறு. அந்தச் சில வார வருமானத்தை மாதச் சம்பளமாக எண்ணி 36 மாதத் தவணையில் பைக் எடுப்பார்கள். ஐப்பசியில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறும், படகு கரையில் கிடக்கும். தவணைக்காரன் மட்டும் 5ஆம் தேதி போன் பண்ணிவிடுவான்.