சாவி கொடுக்கும் பிலிம் கேமராவில் டைம்-லாப்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி இல்லாமல், ஸ்பிரிங்கை முறுக்கிச் சாவி கொடுத்தே இயங்கும் பழைய 16 மி.மீ. கேமராக்கள், மெதுவாக நடப்பதைத் திரையில் விரைவாகக் காட்டும், மணிக்கணக்கில் நீளும் டைம்-லாப்ஸ் வேலைக்கென்றே பிறந்தவை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அந்த எண்ணம் பாதிதான் சரி. சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த பொலெக்ஸ் ஹெச்16 ஆகட்டும், பின்னாளில் வந்த சோவியத் தயாரிப்பான கிராஸ்னோகோர்ஸ்க்-3 ஆகட்டும், இரண்டும் தொடர்ந்து ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. ஒற்றை ஃப்ரேம் எடுக்கும் வசதி அவற்றில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட ஒன்று. டைம்-லாப்ஸில் நாம் அந்த இயந்திரத்தை ஒரு ஃப்ரேம் ஓடவிட்டு, அரை நிமிடம் நிறுத்தி, மறுபடி ஒரு ஃப்ரேம் ஓடவிடுகிறோம். ஓட வேண்டிய கருவியைக் காத்திருக்க வைக்கிறோம் என்பதை மறப்பதிலிருந்துதான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன. நான் பயன்படுத்துவது, படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்க விடும் பொலெக்ஸ் ரிஃப்ளெக்ஸ் என்பதால் எடுத்துக்காட்டுகள் அதைச் சுற்றியே இருக்கும்.

முதல் தவறு, வேகத்தைக் குறைத்தால் போதும், அதுவே டைம்-லாப்ஸ் என்று கருதுவது. வேகக் குமிழை விநாடிக்கு 8 ஃப்ரேமில் வைத்து ஓட்டினால், வழக்கமான 24 ஃப்ரேம் வேகத்தில் திரையிடும்போது காட்சி மூன்று மடங்குதான் விரையும். ஒரு மேகக்கூட்டம் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அதை 8 ஃப்ரேம் வேகத்தில் எடுத்தால் 4800 ஃப்ரேம் செலவாகும். 16 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 40 ஃப்ரேம் என்பதால் அது 120 அடி, அதாவது 100 அடிச் சுருள் ஒன்று முழுதும் தீர்ந்த பிறகும் மேகம் வானத்திலேயே இருக்கும். இவ்வளவு செலவுக்குப் பிறகும் திரையில் கிடைப்பது பழைய ஊமைப்படத்து நடை போன்ற ஓர் அவசரம்தான். நாம் எதிர்பார்க்கும் மேகப் பாய்ச்சல் அதில் வராது. ஒற்றை ஃப்ரேம் விசையைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

இடைவெளியை முன்கூட்டிக் கணக்கிடாமல் இருப்பது இரண்டாவது. டிஜிட்டல் கேமராவில் பழகியவர்கள் கை வாக்கில் ஐந்து விநாடி இடைவெளி வைத்துவிடுகிறார்கள். மூன்று மணி நேர நிழல் நகர்வை அப்படி எடுத்தால் 2160 ஃப்ரேம், 54 அடி, திரையில் ஒன்றரை நிமிடம். ஒரு சுவரில் நிழல் நகர்வதை ஒன்றரை நிமிடம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்: திரையில் பத்து விநாடி வேண்டும் என்றால் 240 ஃப்ரேம், மூன்று மணி நேரத்தின் 10,800 விநாடிகளை 240-ஆல் வகுத்தால் 45 விநாடி இடைவெளி, செலவு ஆறே அடி. வேகமாக நகரும் மேகத்துக்கு இரண்டு முதல் ஐந்து விநாடி வரையிலும், எட்டு மணி நேரம் எடுத்து விரியும் பூவுக்கு இரண்டு நிமிடமும் பொருந்தும்.

எக்ஸ்போஷர், அதாவது பிலிமின் மீது விழும் வெளிச்சத்தின் அளவு, விஷயத்தில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். பொலெக்ஸ் ரிஃப்ளெக்ஸின் பிந்திய மாடல்களில், சுழலும் தகடான ஷட்டரின் திறப்பு 133 பாகை. 24 ஃப்ரேம் வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது அது ஒரு ஃப்ரேமுக்கு 1/65 விநாடி வெளிச்சம் தருகிறது. லைட் மீட்டரிலும் அந்த எண்ணையே வைத்துப் பழகியிருப்போம். ஒற்றை ஃப்ரேம் எடுக்கும்போதோ, ஷட்டர் அசையா நிலையிலிருந்து கிளம்பி, முழு வேகத்தைத் தொடுவதற்குள் அந்தச் சுற்றை முடித்துவிடுகிறது. கிளம்பும் நேரத்து மந்தத்தால் பிலிமின் மீது வெளிச்சம் கூடுதல் நேரம் விழுகிறது. ஆகவே தொடர் ஓட்டத்துக்கான அளவையே ஒற்றை ஃப்ரேமுக்கும் வைத்தால் படம் வெளுத்துப் போகும். எவ்வளவு வெளுக்கும் என்பது ஒவ்வொரு கேமராவின் வயதையும் எண்ணெயின் நிலையையும் பொறுத்தது. கையேட்டில் அச்சிட்ட எண் அறுபது வருடம் பழகிய இயந்திரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. ஒரு சுருளின் வால் துண்டை இதற்காக ஒதுக்கி, ஒரே காட்சியை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) இடைவெளியில் ஆறேழு அளவுகளில் ஒற்றை ஃப்ரேமாக எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டால், அந்தக் கேமராவின் உண்மையான நேரம் உங்கள் கைக்கு வந்துவிடும். ஒரு முறை செய்தால் போதும். அந்தச் சோதனையில் வேகக் குமிழ் எந்த எண்ணில் இருந்ததோ அதே எண்ணிலேயே பிறகும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒற்றை ஃப்ரேமின் நேரத்தையும் அந்தக் குமிழ் மாற்றுகிறது.

இதோடு, ரிஃப்ளெக்ஸ் மாடல்களில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பிரிஸம் வெளிச்சத்தில் 20 முதல் 25 சதவீதம் வரை வ்யூஃபைண்டருக்குத் திருப்பிவிடுகிறது. தனி லைட் மீட்டர் வைத்து அளப்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் அளவுள்ள இந்த இழப்பைக் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வெளிச்சத்துக்கு மிகவும் உணர்திறன் கொண்ட 500 ஏஎஸ்ஏ பிலிமை வாங்கிப் பகல் வெயிலுக்குக் கொண்டுபோவதும் தவறுதான். உச்சி வெயிலில் 50 ஏஎஸ்ஏ பிலிமுக்கே 1/50 விநாடியில் லென்ஸ் துளையை (அபெர்ச்சரை) எஃப் 16 வரை சுருக்க வேண்டியிருக்கும். ஒற்றை ஃப்ரேமின் நீண்ட நேரத்தில் அது எஃப் 22 பக்கம் போய்விடும். அவ்வளவு சிறிய துளையில் 16 மி.மீ. லென்ஸின் கூர்மை குன்றிவிடுவதால், அபெர்ச்சரைச் சுருக்குவதைவிட நிறம் மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டரை மாட்டுவது நல்லது.

அடுத்தது ஸ்பிரிங். பொலெக்ஸுக்கு முழுதாகச் சாவி கொடுத்தால் 24 ஃப்ரேம் வேகத்தில் சுமார் 28 விநாடி ஓடும். ஃப்ரேம் கணக்கில் அது 650-க்கும் மேல். 240 ஃப்ரேம்தானே வேண்டும், ஒரு முறை முறுக்கிவிட்டால் நடுவில் தொடவே வேண்டாம் என்று தோன்றும். தொடர் ஓட்டத்தில் இது சரியே, ஏனென்றால் ஸ்பிரிங் தளர்ந்தாலும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டு உறுப்பு வேகத்தைச் சீராக வைத்திருக்கும். ஒற்றை ஃப்ரேமில் ஒவ்வொரு முறையும் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டியிருப்பதால், கவர்னர் பிடிக்கு வருவதற்கு முன்பே ஃப்ரேம் முடிந்துவிடுகிறது. அங்கே ஷட்டரைக் கிளப்புவது ஸ்பிரிங்கின் அப்போதைய இறுக்கமே. இறுக்கம் குறையக் குறைய ஃப்ரேம்கள் மெல்ல வெளுக்கும். நடுவில் திடீரென்று முழுதாக முறுக்கினால் திரையில் ஒரு படி இருட்டு தெரியும். ஐம்பது அறுபது ஃப்ரேமுக்கு ஒரு முறை, சில சுற்று மட்டும் முறுக்கி, இறுக்கத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருப்பதே என் வழக்கம்.

அந்த முறுக்கலில்தான் கேமரா நகர்கிறது. கைப்பிடியைச் சுற்றும்போது ட்ரைபாட்டின் தலை ஒரு மயிரிழை திரும்பினாலும், திரையில் அடிவானம் துள்ளுவது தெளிவாகத் தெரியும். மற்றொரு கையால் கேமராவின் உடலைத் தாங்கிக்கொண்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, முடித்ததும் அதைப் பழையபடி மடக்கிவைக்க வேண்டும். ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களுக்கு நடுவே ஒரு மணல் பையைத் தொங்கவிட்டால் பாதித் தொல்லை தீரும். விரலால் விசையை அழுத்தி எடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: கேமராவைத் தொடாமல் விசையை அழுத்த உதவும் கம்பியான கேபிள் ரிலீஸ் வாங்குங்கள்.

இனி, வெளியில் தெரியாத ஒரு தவறு. இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே, அடுத்துப் பதிவாக வேண்டிய ஃப்ரேம், லென்ஸுக்குப் பின்னால் பிலிம் நிற்கும் இடமான ‘கேட்’டில் அசையாமல் நிற்கிறது. தொடர் ஓட்டத்தில் ஒரு ஃப்ரேம் அங்கே நொடியின் சிறு பங்குதான் தங்கும். டைம்-லாப்ஸில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் தங்குகிறது. மூடிய ஷட்டர் தகடு கதவைப் போல ஒளி புகாதபடி அடைப்பதில்லை. கடும் வெயிலில், லென்ஸ் திறந்தபடியே நெடுநேரம் நின்றால், விளிம்பில் கசியும் வெளிச்சம் அந்த ஒரு ஃப்ரேமின் மீதே சேர்ந்துகொண்டிருக்கும். வ்யூஃபைண்டர் வழியாகவும் வெளிச்சம் பின்பக்கமாகப் புகும். கண் வைக்காத நேரத்தில் அதன் மூடியை அடைக்காமல் விடுவது ரிஃப்ளெக்ஸ்காரர்களின் நிரந்தரமான மறதி. பல லென்ஸ்களை மாட்டும் சுழல் தட்டான டரட்டில் லென்ஸ் இல்லாத துளைக்குத் திருகு மூடி போடாமல் விடுவதும் அப்படித்தான்.

ஷட்டரின் திறப்பை மாற்றும் நெம்புகோலால் இடைவெளிகளில் அதை முழுதும் மூடிவைப்பது ஒரு வழி என்று நானும் செய்து பார்த்தேன். ஒரு மாலையில், நடுவே டீ குடித்துவிட்டு வந்தவன், நெம்புகோலைத் திறக்காமலே 140 ஃப்ரேம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு கிளிக்கும் ஒழுங்காகத்தான் கேட்டது. ஃப்ரேம் எண்ணும் கருவியும் ஒழுங்காகத்தான் ஏறியது. கழுவி வந்த நெகடிவ்வில் மூன்றரை அடிக்கு வெறும் கண்ணாடி போன்ற பிலிம். அன்றிலிருந்து கேமராவைத் தொடாமல், லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்து, கிளிக் நேரத்தில் மட்டும் விலக்குகிறேன். அட்டை மறந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நெம்புகோல் அப்படி இல்லை.

சூரிய அஸ்தமனம் எடுப்பவர்கள் வெளிச்சம் குறையக் குறைய அபெர்ச்சரை ஒரு ஸ்டாப், இன்னொரு ஸ்டாப் என்று திறந்துகொண்டே போவதுண்டு. ஒவ்வொரு திருப்பமும் திரையில் ஒரு வெட்டாகத் தெரியும். இருட்டுவதையே காட்சியாக ஏற்று, தொடக்கத்தில் வைத்த அளவிலேயே கடைசிவரை விட்டுவிடுவது பெரும்பாலும் அழகாக அமையும். கட்டாயம் திறக்கத்தான் வேண்டும் என்றால், கிளிக் இல்லாத வளையம் உள்ள லென்ஸில், ஒரு ஸ்டாப்பை முப்பது நாற்பது ஃப்ரேம்களில் பரப்பி, மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். இரவுக் காட்சிக்காக விசையை டி நிலையில் வைத்து நீண்ட நேரம் திறந்து எடுப்பவர்கள், சில விநாடிகளைத் தாண்டும்போது பிலிமின் உணர்திறன் குறையத் தொடங்குவதை நினைவில் வைத்து, கணக்கில் வருவதைவிடக் கூடுதலாகவே நேரம் கொடுக்க வேண்டும்.

கையால் அழுத்துவதற்குப் பதில், இப்போது பலர் சிறிய சர்வோ மோட்டாரை ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைத்து கேபிள் ரிலீஸை அழுத்த வைக்கிறார்கள். நல்ல யோசனை, ஆனால் அழுத்தம் குறைந்தால் விசை பாதியில் நின்றுவிடும், மிகுந்தால் பழைய பித்தளை உறுப்பு வளையும். பிலிம் போடாமல் ஐம்பது முறை இயக்கி, ஃப்ரேம் எண்ணும் கருவியும் ஐம்பது காட்டுகிறதா என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

பிலிம் போடுவதில் இரண்டு சொற்கள். தொடக்ககாலப் பொலெக்ஸ்களின் பற்சக்கரத்தில் இருபுறமும் பல் உண்டு. இன்று பரவலாக விற்கும் ஒருபக்கத் துளை பிலிமை அதில் போட்டால் கிழியும். வெயிலில் நின்று சுருளை மாற்றாமல் நிழலுக்குப் போங்கள்.

எடுத்து முடித்ததும் உடனே மூடியைத் திறக்காமல், லென்ஸை மூடிவைத்து மிச்சச் சுருளை ஓட்டிவிடுங்கள். பிறகு, குறைந்த வேகத்தில் ஸ்பிரிங் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, இறுக்கம் இல்லாத நிலையில் கேமராவைப் பெட்டியில் வையுங்கள். மாதக்கணக்கில் முறுக்கேறிய நிலையிலேயே கிடக்கும் ஸ்பிரிங் வலுவிழக்கும். அதைச் சரிசெய்ய அது சுற்றியிருக்கும் டிரம்மை வீட்டிலேயே திறக்கத் துணிவது கையைக் காயப்படுத்தும் வேலை, அதைப் பழுது பார்ப்பவரிடமே விட்டுவிட வேண்டும்.