வேலூரில் மாலைப் பொழுதுகள்: வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும் தமிழர்களுக்கு

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பினாங்கு, சிங்கப்பூர், மொரீஷியஸ் என்று எங்கிருந்தெல்லாமோ தமிழர்கள் வேலூருக்கு வந்து தங்குகிறார்கள். பலர் சி.எம்.சி. மருத்துவமனையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்காக வருகிறார்கள். பிள்ளையை வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டுக் காட்பாடியில் வீடெடுத்துக் கொஞ்ச நாள் கூட இருப்பவர்களும் உண்டு. சிம் கார்டு எங்கே வாங்குவது, எந்த மெஸ்ஸில் காரம் குறைவு, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் காந்தி ரோட்டு லாட்ஜ்காரர்களே முதல் நாளில் சொல்லிவிடுவார்கள். டாக்டரைப் பார்த்து முடித்தபின், அடுத்த பரிசோதனை முடிவு வரும்வரை பொழுதை எங்கே கழிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் இருந்த ஊரில் ஒரு கலாசார மண்டபம் இருந்திருக்கும். இந்த வாரம் என்ன பேச்சு, அடுத்த வாரம் யாருடைய நடனம், கண்காட்சி எந்தத் தேதி வரை என்று வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் அப்படி ஒரே கூரையின் கீழ் நடத்தும் மண்டபத்தை வேலூரில் தேடினால் ஏமாற்றம்தான். “இந்த ஊர்ல ஒண்ணுமே நடக்கறதில்லை” என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை தோறும் சென்னைக்கு ரயிலேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சொற்பொழிவு, கண்காட்சி, இரவெல்லாம் நடக்கும் ஆட்டம் எல்லாமே இங்கே உண்டு. கோட்டைக்குள்ளும் அம்மன் கோவில் திடல்களிலும் கல்லூரி அரங்குகளிலும் அவை பிரிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் தமிழ் மாதத்தையும் திதியையும் பார்த்து நடக்கின்றன. ஆகவே அறையில் ஒரு தினசரி காலண்டர் மாட்டிக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமி தெரிந்தால் பாதி நிகழ்ச்சி நிரல் தெரிந்த மாதிரி.

முதலில் கோட்டை. சி.எம்.சி. பக்கம் தங்கியிருப்பவர்கள் நடந்தே போய்விடலாம். காட்பாடியில் இருந்தால் பாகாயம் போகும் 1 அல்லது 2 எண் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. மூன்றாவது மட்டும் மாறிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவில் நெடுங்காலம் வழிபாடு இல்லாமல் இருந்து, 1981-இல் மீண்டும் லிங்கம் வைக்கப்பட்டு இன்று ஊரே கூடும் கோவிலாகிவிட்டது. கோபுரம் தாண்டியதும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். பாயும் குதிரைகளும் யாளிகளும் தூணோடு தூணாக நிற்கின்றன. வெள்ளைக்காரர்கள் இந்த மண்டபத்தைப் பெயர்த்துக் கப்பலேற்றிச் சீமைக்குக் கொண்டுபோக நினைத்தார்கள் என்று இங்கே சொல்வார்கள். சாமி கும்பிட்டுவிட்டு வேகமாக வெளியே வந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் அந்தத் தூண்களைச் சுற்றி வாருங்கள்.

கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகமும், தொல்லியல் துறையின் காட்சிக்கூடமும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் பலர் போய்த் திரும்புகிறார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் அரசு அருங்காட்சியகத்தைத் தவறவே விடக்கூடாது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட அந்த மன்னனைக் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து, கோட்டையில் இன்றும் கண்டி மகால் என்று சொல்லப்படும் மாளிகையில் வைத்திருந்தார்கள். 1832 ஜனவரி 30-ஆம் தேதி இங்கேயே காலமானார். அவருடைய சமாதியும் உறவினர் சமாதிகளும் பாலாற்றங்கரையில் இருக்கின்றன. அங்கே 1990-இல் தமிழ்நாடு அரசு கட்டிய முத்து மண்டபம் நிற்கிறது. ஆட்டோக்காரரிடம் “முத்து மண்டபம்” என்றால் போதும். கூட்டம் இருக்காது. உங்கள் ஊர்ச் சரித்திரத்தின் ஒரு பக்கம் எங்கள் ஆற்றங்கரையில் முடிந்திருக்கிறது என்பதால், இலங்கையிலிருந்து வரும் ஒவ்வொருவரையும் நான் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன்.

ஜூலை மாதம் இங்கே இருந்தால் 10-ஆம் தேதி காலையில் மக்கான் சந்திப்புக்கு வாருங்கள். 1806-இல் அதே நாள் விடியுமுன் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எதிராக எழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி வைக்கக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று போட்ட உத்தரவுகள்தாம் பொறி. கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் பெயரும் அந்த எழுச்சியோடு சேர்ந்தே வரும். ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அதை அடக்கிவிட்டது. மக்கான் சந்திப்பில் இருக்கும் அதன் நினைவுத் தூணுக்கு ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் மலர்வளையம் வைத்து மரியாதை செய்வார்.

சரி, இனி நான் மனம் விட்டுச் சொல்ல விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். அது பாரதம்.

பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு, செய்யாறு, ஆரணிப் பக்கங்களில் சுவர்களைப் பாருங்கள். “அருள்மிகு திரௌபதி அம்மன் ஆலய அக்னி வசந்த விழா” என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். “எங்க ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க” என்பார்கள். அந்த போஸ்டரைப் பொறுமையாகப் படியுங்கள். பகலில் எத்தனை மணிக்கு யார் பாரதப் பிரசங்கம் செய்கிறார், எந்த இரவில் எந்த நாடகம், எந்த ஊர் நாடக சபா ஆடுகிறது, அர்ச்சுனன் தபசு என்றைக்கு, படுகளம் என்றைக்கு, தீமிதி என்றைக்கு என்று எல்லாம் அச்சடித்திருக்கும். நீங்கள் தேடிய கலாசார மண்டபத்து நிகழ்ச்சி நிரல் இதுதான். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது, வெளியூர்க்காரர் என்று யாரும் ஒதுக்கவும் மாட்டார்கள்.

தீமிதி உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். சிங்கப்பூர் மாரியம்மன் கோவிலிலும், இலங்கையில் உடப்பு, பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோவில்களிலும் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தத் தீயை நோக்கிக் கதை முழுவதும் நாளுக்கு நாள் நடந்து வருவதைப் பார்க்கலாம். பதினெட்டு நாளோ அதற்கு மேலோ ஊர் முழுக்கப் பாரதத்துக்குள் வாழும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதப் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார், பக்கத்தில் ஆர்மோனியம். பந்தலில் வயதான பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து, பாஞ்சாலி படும் பாட்டுக்கு நிஜமாகவே கண் துடைத்துக்கொள்வார்கள். சொற்பொழிவு என்றால் ஒலிபெருக்கியும் கைதட்டலும்தான் என்று நினைத்திருப்பவர்கள் ஒரே ஒரு பிற்பகல் இங்கே வந்து உட்கார வேண்டும்.

இரவில் கூத்து. பத்து மணிக்குமேல் மேளம் கட்டுவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்னும் சிறு ஊதுகுழல், தாளம் நான்கும் சேர்ந்து பிடிக்கும்போது தெருக்கோடி வரை கேட்கும். கட்டியங்காரன் முதலில் வந்து உள்ளூர் விவகாரம், விலைவாசி எல்லாவற்றையும் இழுத்துச் சிரிக்க வைப்பார். அப்புறம் இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் நின்று ராஜா பாடுவார். முதலில் கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டைகளும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. அந்த மரம் கனமில்லாதது என்பதால்தான் விடிய விடிய அதைச் சுமந்து கிறுகிறுவென்று சுற்றியாட முடிகிறது. வேகமான காட்சி வேண்டும் என்று பதினொரு மணிக்கே எழுந்து போய்விடாதீர்கள். கதையின் கனமான இடம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் வரும். துகிலுரிதல் இரவில் பாஞ்சாலி வேடக்காரர் கண்ணனைக் கூப்பிடும்போது பெண்கள் எழுந்து கற்பூரம் ஏற்றுவார்கள். கர்ண மோட்சத்தில் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் என்னை ஒவ்வொரு முறையும் கலங்க வைக்கிறது.

மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி பார்த்தவர்களும், யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் பார்த்தவர்களும் இதைத் தங்கள் கூத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆட்டக்காரர்களோடு விடிந்தபின் டீக்கடையில் அதைப் பேசுங்கள். அவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அண்ணா, ஐயா என்று கூப்பிட்டுப் பேச்சை ஆரம்பித்தால் போதும். நடுவில் அன்பளிப்பு கொடுக்க விரும்பினால் உங்கள் பெயரும் ஊரும் சொல்லிக் கொடுங்கள். ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் அறிவித்து வாழ்த்துவார்கள். திருகோணமலையிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வந்தவர் என்று கேட்டதும் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், கூச்சப்பட வேண்டாம்.

பகலில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று அர்ச்சுனன் தபசு. உயரமான பனை மரத்தை நட்டுப் படி வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் ஒவ்வொரு படிக்கும் பாடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அடியில் காத்திருப்பார்கள். இன்னொன்று கடைசி நாள் காலைப் படுகளம். திடலில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்திருப்பார்கள், ஒரு பெரிய வீட்டை விட நீளமாக. பீமனும் துரியோதனனும் அந்த உடலின்மேல் ஏறி இறங்கிச் சண்டையிட, தொடையில் அடி விழ, பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். முடிந்ததும் ஊர்க்காரர்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போவார்கள். மாலையில் தீமிதி. சித்திரை, வைகாசி வெயில் வேலூரில் நாற்பது டிகிரியைத் தாண்டும். படுகளத்துக்குத் தண்ணீர் பாட்டிலும் தலைக்குத் துண்டும் கட்டாயம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாசி அமாவாசையில், அதாவது சிவராத்திரிக்கு மறுநாள், பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. அங்காளம்மன் வேடமிட்டவர்கள் ஆடிவர, தானியமும் கொழுக்கட்டையும் சூறை விடுவார்கள். நெரிசல் கடுமையாக இருக்கும். உடல்நிலை சரியில்லாதவர்களும் சிறு குழந்தைகளும் தள்ளி நின்றே பார்க்கட்டும். சித்ரா பௌர்ணமி இரவில் வேலூர்த் தெருக்களில் பூப்பல்லக்குகள் வரும். பூக்கட்டும் வேலையே ஒரு கண்காட்சி. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு. அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து கோவிலில் உடலோடு பொருத்துவார்கள், இரவில் வாணவேடிக்கை.

கல் பார்க்க ஆசைப்படுபவர்கள் காட்பாடி தாண்டி வள்ளிமலைக்குப் போகலாம். முருகன் கோவிலும் சமணச் சிற்பங்களும் ஒரே மலையில் இருக்கின்றன. பக்கத்திலேயே மேல்பாடி, ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காகக் கட்டிய கோவில் அங்கே அமைதியாக நிற்கிறது.

புத்தகம் பிடித்தவர்கள் மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழாவைக் கேட்டு வையுங்கள். மாலையில் நல்ல பேச்சாளர்கள் வருவார்கள். வி.ஐ.டி.யின் ரிவேரா போன்ற கல்லூரி விழாக்கள் பெரும்பாலும் மாணவர்களுக்கானவை. அங்கே படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கேட்டாலே தெரிந்துவிடும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருதுக் கவியரங்குகளும் உண்டு.

செய்தி எங்கே கிடைக்கும்? நாளிதழின் வேலூர்ப் பதிப்பை வாங்குங்கள், உள்ளூர்ப் பக்கத்தில் விழா அறிவிப்புகள் வரும். அப்போது ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்து ஏமாறாதீர்கள். பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று போட்டிருந்தாலும் பல ஊர்கள் ஒரு மணி நேரப் பயணம்தான். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை இன்று திருவண்ணாமலை மாவட்டம். கூத்துக்குப் பேர்போன அந்த ஊரின் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையை அறியாத கூத்து ரசிகர் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்.

கிராமத்துக்கு இரவில் போவதென்றால் கடைசி டவுன் பஸ்ஸில் போய், விடிந்து முதல் பஸ்ஸில் திரும்பலாம். பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில்தான் உட்கார வேண்டும், பெண்கள் ஒரு பக்கம் சேர்ந்து உட்காருவார்கள். நோயாளியை விட்டு இரவு முழுக்க வர முடியாதவர்கள் பிற்பகல் பிரசங்கத்துக்குப் போய் ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். நோயாளிக்கே கொஞ்சம் நடக்கத் தெம்பு இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு கூட்டிப் போங்கள். பந்தலில் முதுகு சாய்க்க ஒரு நாற்காலி கேட்டால் விழாக் குழுவினர் தங்கள் நாற்காலியையே எழுந்து கொடுப்பார்கள்.