ஸ்டால் போட்டதும் ஒருமுறை சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சுற்றி வாருங்கள்

மதுரையில் பந்தலும் ஸ்டாலும் போடுவது என் தொழில். போன வருஷம் ஒரு கண்காட்சிக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். பழைய பானை ஓடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். "ட்யூப்லைட்டுதான்டா தெரியுது" என்றார் அம்மா. குனிந்து அவர் தலைமட்டத்தில் பார்த்தேன். நிஜம்தான். கண்ணாடி முழுக்க வெளிச்சம், பானை ஓடுகளைக் காணோம். அதே உயரத்தில் நானும் எத்தனையோ மேஜை போட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் சாமான் அடுக்குவதற்கு முன்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கையில் டேப்போடு ஒரு சுற்று வருகிறேன். மேஜை இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். அடியில் முழங்கால் நுழைய வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினால் கண்ணாடியில் அடிக்காது. நடைபாதை 3 அடிக்குக் குறையவே கூடாது, எதிரெதிரே இரண்டு நாற்காலி வரும் இடத்தில் 6 அடி. நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி.

சாய்தளத்தில்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அரை அடி மேடைதானே என்று 2 அடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் தள்ளுகிறவரும் சேர்ந்து சறுக்குவார். 6 அடி போடுங்கள், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. பலகை தரையைத் தொடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்: அரை அங்குல மேடு இருந்தாலும் முன்சக்கரம் சின்னது, முட்டி நின்றுவிடும். கார்ப்பெட் ஓரத்தையும் இழுத்து ஒட்டிவிடுங்கள்.

பார்வை இல்லாதவர்களுக்கு, தொட்டுப் பார்க்க ஒரு மாதிரியாவது வெளியே இருக்கட்டும். விளாச்சேரிப் பக்கம் மண் வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் பானை ஓடு செய்து தருவார்கள். கீழடி ஓடுகளில் இருக்கிற 'ஆதன்' என்ற பெயரைத் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறித் தரச் சொல்லுங்கள். கோடு விரலுக்குத் தட்டுப்படும் ஆழத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் பிரெய்ல் அட்டை. வீடியோ ஓடினால் கீழே தமிழில் எழுத்து வர வேண்டும், காது கேளாதவர்களுக்கு.

அப்புறம் கழிப்பறை. வண்டியில் கொண்டுவந்து நிறுத்தும் கழிப்பறைக்குப் படி இருக்கும். ஒன்றாவது தரைமட்டத்தில், 3 அடி வாசலோடு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அம்மா அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல்தான் வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு மடமடவென்று குடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.