‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ டிஸ்க் வாங்கப் போறீங்களா, முதல்ல அட்டையோட பின்பக்கத்த பாருங்க

கௌபாய் படம்னாலே எனக்கு டைரக்டர் செர்ஜியோ லியோனியோட ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ தான். 1966ல இத்தாலில ரிலீஸ் ஆச்சு, ஷூட்டிங் பெரும்பாலும் ஸ்பெயின்ல. டிஸ்க்ல இது எத்தனையோ தடவ வந்தாச்சு, ஆனா எல்லா டிஸ்க்லயும் ஒரே படம் இருக்காது, அங்கதான் நம்மாளுங்க மாட்டிக்கிறாங்க.

அட்டைல 161, 162 நிமிஷம்னு போட்டிருந்தா அது அமெரிக்க தியேட்டர்ல ஓடின வெர்ஷன். 179னா 2003ல நீட்டினது. அதுல சேத்த, இத்தாலி வெர்ஷன்ல மட்டும் இருந்த சில சீனுக்கு இங்கிலீஷ் டப்பிங்கே இல்லாததால நடிச்ச கிளின்ட் ஈஸ்ட்வுட்டையும் ஈலை வாலக்கையும் இத்தன வருஷம் கழிச்சு கூட்டிட்டு வந்து பேச வச்சாங்க, வாலக்குக்கு அப்போ கிட்டத்தட்ட 90 வயசு, மூணாவது ஹீரோ மாதிரி வர்ற லீ வான் கிளீஃப் 1989லயே போய்ட்டாரு அதனால அவருக்கு வேற ஆள் குரல். வாலக் நடிச்ச டூகோ திடகாத்திரமா ஓடிட்டிருப்பான், வாயத் தொறந்தா தாத்தா குரல். முதல் தடவ பாக்குறவங்க சின்னதையே எடுங்க, நீளமானத அப்புறம் பாத்துக்கலாம்.

அடுத்து கலர். 2014ல வந்த ப்ளூரேல வானம் மணல் மூஞ்சி எல்லாமே மஞ்சத்தண்ணி ஊத்தின மாதிரி இருக்கும். 2021ல வந்த 4கே பரவால்ல, அந்த மஞ்சள நல்லாவே குறைச்சிருக்காங்க. இன்னொன்னு, ப்ளூரே எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடணும்னு ரீஜன்னு ஒரு பூட்டு இருக்கும், அமெரிக்க ப்ளூரே ரீஜன் ஏ, நம்ம ஊர் ப்ளேயர் ரீஜன் சி, ஓடாம போக வாய்ப்பிருக்கு. 4கே டிஸ்க்குக்கு அந்த தொல்லை இல்ல, ஆனா 4கே ப்ளேயர் வேணும்.

சவுண்ட்ல மோனோ ட்ராக் (ஒரே சேனல்ல வர்ற பழைய சவுண்ட்) இருந்தா கண்ண மூடிட்டு அதையே போடுங்க. 5.1 சரவுண்ட் ட்ராக்ல துப்பாக்கி சத்தத்தயே மாத்தி வச்சிருக்காங்க, எனக்கு சுத்தமா பிடிக்கல. வாயசைவு ஒட்டலையேன்னு டிவிய திட்டாதீங்க, ஆளாளுக்கு அவங்கவங்க பாஷைல பேசி நடிச்சு அப்புறம் டப் பண்ணது, எந்த டிஸ்க்லயும் அப்படித்தான்.

டிவில மோஷன் ஸ்மூத்திங்க (அசைவ வழவழன்னு ஆக்குற செட்டிங்) ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா சீரியல் மாதிரி ஆயிடும். நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஆஃப். இது டெக்னிஸ்கோப்னு ஒரு முறைல எடுத்த படம், ஒரு ஃப்ரேமுக்கு வழக்கமான ஃபிலிம்ல பாதி உயரம் தான், அதனால க்ரெய்ன் (ஃபிலிம்ல தெரியுற பொடிப் புள்ளி) கொஞ்சம் தூக்கலா தான் தெரியும், அத வழிச்சு எடுத்தா மூஞ்சில இருக்குற வேர்வையும் சுருக்கமும் சேந்து போயிடும், க்ளோசப்புக்குன்னே பொறந்த படத்துல அது போனா என்ன மிச்சம்? மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வருதுன்னு ஜூம் பண்ணவே கூடாது. கடைசி துப்பாக்கி டூயல்ல மூணு பேரு வட்டத்துல ஆளுக்கொரு ஓரமா நிப்பாங்க, ஜூம் பண்ணா ஓரத்துல நிக்கிறவன் காலி.

முதல் பத்து நிமிஷம் யாரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க, ரிமோட்ட தேடாதீங்க. ப்ரேக் எடுக்கணும்னா பாலம் வெடிச்சதும் எடுத்துக்கோங்க (ஷூட்டிங்ல அத கேமரா ஓடுறதுக்கு முன்னாடியே தப்பா வெடிச்சுட்டாங்க, ஸ்பெயின் ராணுவம் தான் மறுபடி கட்டிக் குடுத்துச்சு). அதுக்கப்புறம் டூகோ கல்லறைக்கு நடுவுல ஓட ஆரம்பிச்சு மோரிக்கோனி மியூசிக் ஏற ஏற ஒரே மூச்சுல பாக்கணும், லைட்ட அணைச்சுட்டு, போன பக்கத்து ரூம்ல வச்சுட்டு. வால்யூம் கொஞ்சம் தூக்கலா வைங்க, வீட்டுல யாராவது தூங்குறாங்கன்னா மட்டும் ஹெட்ஃபோன்.