ரக்கூனும் வறண்ட ஜூலையும்: டெல்டாவிலிருந்து டொராண்டோ போகிறவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு இருக்கக் கனடா போகிற அம்மா அப்பாக்கள் இப்போது நிறைய. வேலைக்கென்று போய், முதல்முறையாகக் கொல்லை உள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் மே மாதம் வெயில் கண்டதும் மண்வெட்டியைத் தேடுவார்கள். ஜூன் முழுக்கச் செடிகளின் படமாக வந்துகொண்டிருக்கும். ஜூலையில் பேச்சு மாறும். "எவ்வளவு ஊற்றினாலும் வாடுகிறது" என்பார்கள், இல்லையென்றால் "ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ வந்து பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டது" என்பார்கள்.

வருஷத்தில் பாதியைத் திருவையாற்றுப் பக்கத்திலும், கோடையை டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் மகள் வீட்டுக் கொல்லையிலும் கழிக்கிறவன் நான். இந்த இரண்டு குறையும் ஒரே குறைதான் என்பது என் கட்சி. டொராண்டோவில் மழை இல்லாத வாரங்களில் சுற்றுவட்டாரப் புல்தரை எல்லாம் இறுகிப்போகும். மண்புழு கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் தெருவிலேயே ஈரமாக, பொலபொலவென்று இருப்பது உங்கள் பாத்தி ஒன்றுதான். ரக்கூன் என்பது நம்மூர் மரநாய் மாதிரி ராத்திரியில் உலாவி, முன்னங்கால் விரல்களால் தடவித் தடவி இரை தேடும் பிராணி. ஈரமண்ணில் புழுவும் வண்டுப் புழுவும் அதன் கைக்குச் சுலபமாகச் சிக்கும். அது தேடி வந்தது உங்கள் வெண்டைக் கன்றை இல்லை, கன்றுக்கு அடியில் இருப்பதை. கன்று இடையில் மாட்டிக்கொள்கிறது.

அதனால் நாம் ஊரிலிருந்து கையோடு கொண்டுபோகிற மூன்று பழக்கங்களை அங்கே விட்டுவிட வேண்டும்.

முதலாவது, பொழுது சாய்ந்ததும் தண்ணீர் ஊற்றுவது. நம்மூர் வெயிலுக்கு அது சரி. அங்கே இரவு முழுக்க மேல்மண் ஈரமாக இருந்தால் ரக்கூனுக்கு இலை போட்டு வைத்த மாதிரிதான். விடிகாலையில் ஊற்றுங்கள். ராத்திரிக்குள் மேல்மண் காய்ந்து, ஈரம் வேர் மட்டத்தில் மட்டும் நிற்கும். இலையில் ஈரம் தங்காததால் தக்காளிக்கும் பூசணி வகைக்கும் பூஞ்சை நோயும் குறையும்.

இரண்டாவது, மீன். மீன் கழுவிய தண்ணீரை அவரைக்கும் முருங்கைக்கும் ஊற்றி, செதில் குடலைக் குழி தோண்டிப் புதைப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. வெல்லம் சேர்த்த மீன் அமிலம் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே இந்த வாடைக்கே ரக்கூன் வரும். கடையில் விற்கும் மீன் உரம், எலும்புத் தூள், இரத்தத் தூள் எல்லாம் அப்படித்தான். கன்று நட்ட மறுநாளே குழி பறிந்து கிடந்தால், முதல் வேலையாக நட்டபோது என்ன உரம் போட்டீர்கள் என்று யோசியுங்கள். மக்கிய இலை உரமும் நன்றாக மக்கிய சாணமும் போதும்.

மூன்றாவது, ஆடிப்பட்டம் தேடி விதைப்பது. ஆடி என்றால் அங்கே ஜூலை நடு. புடலையும் பாகலும் அப்போது விதைத்தால், காய் பிடிக்கும் நேரத்தில் குளிர் வந்துவிடும். அக்டோபரில் பெரும்பாலும் உறைபனி விழுந்துவிடும். மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை விக்டோரியா டே விடுமுறை வருகிறது. அதை ஒட்டித்தான் அங்குள்ளவர்கள் தக்காளி, மிளகாய்க் கன்றுகளை வெளியே வைப்பார்கள். வெண்டைக்கும் புடலைக்கும் மண் இன்னும் சூடேற வேண்டும், ஜூன் முதல் வாரம் நல்லது. ஊரிலிருந்து எடுத்துப்போகும் அவரை விதையில் ஒரு சிக்கல் உண்டு. நம் பழைய ரகங்கள் பகல் குறைந்தால்தான் பூக்கும். கனடாக் கோடையின் நீண்ட பகலில் கொடி மட்டும் மதர்த்து வளர்ந்து, செப்டம்பரில் பூவெடுத்து, பனியில் கருகும். விதையோ செடியோ கொண்டுபோனால் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள், மண் ஒட்டிய எதையும் எடுத்துப்போகாதீர்கள். ஆடிப்பட்டம் முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஜூலை கடைசி, ஆகஸ்டில் முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக் கீரை போட்டால் அருமையாக வரும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமக்கு ஆற்றுப் பாசனப் புத்தி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகக் காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், வயல் நிறைய நிறுத்திப் பார்ப்பதுதான் மனசுக்குத் திருப்தி. காய்கறிப் பாத்தியில் அப்படித் தேக்கினால் களிமண் இறுகி, காய்ந்ததும் வெடிக்கும். ஸ்கார்பரோவிலும் பல இடங்களில் களிமண்தான். புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு மெல்லிசாகப் புல் பத்தையை ஒட்டியிருப்பார்கள்.

கணக்கு எளிது. மழை இல்லாத வாரத்தில் காய்கறிக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். நாலடிக்கு எட்டடிப் பாத்தி சுமார் மூன்று சதுர மீட்டர், ஆக வாரத்துக்கு 75 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியில் ஐந்து வாளி. இதை இரண்டு தவணையாக, செடியின் காலடியில், நிதானமாக ஊற்றுங்கள். தினமும் பூவாளியால் தலையில் தெளித்தால் ஈரம் இரண்டு விரற்கடை ஆழம்கூட இறங்காது. வேர் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும், ரெண்டு நாள் விட்டால் செடி படுத்துவிடும். சந்தேகம் வந்தால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மத்தியான வெயிலில் பூசணி இலை தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம், சாயங்காலம் தானே நிமிரும். காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் போதவில்லை. தக்காளிக்கு மட்டும் விட்டு விட்டு ஊற்றாதீர்கள். ஒரு வாரம் காயப்போட்டு, மறுவாரம் கொட்டினால் பழம் வெடிக்கும், காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும்.

உடம்பு முழுக்கக் கசிகிற குழாய் ஒன்று உண்டு, சோக்கர் ஹோஸ் என்று கேட்டால் எந்தத் தோட்டக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். சுழன்று பீய்ச்சும் கருவியைவிட அது எவ்வளவோ மேல். கூரைத் தண்ணீரைப் பிடிக்க, ஓரத்துக் குழாயை ஒரு பீப்பாயில் திருப்பிவிடலாம். அதன் வாயில் கொசுவலை கட்டாயம், அந்த ஊர்க் கொசுவும் வெஸ்ட் நைல் காய்ச்சலைப் பரப்பும். வாடகை வீடானால் குழாயில் கைவைக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குழாய்த் தண்ணீருக்கு மீட்டர் ஓடுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். டொராண்டோவைச் சுற்றியுள்ள சில நகராட்சிகளில் கோடையில் ஒற்றைப்படை எண் வீடு ஒரு நாள், இரட்டைப்படை எண் வீடு மறுநாள் என்று வெளித் தண்ணீருக்கு முறை வைப்பார்கள். முறைப்பாசனம் பார்த்த நமக்கு அது புதிதில்லை.

மூடாக்கு போடாமல் ஜூலையைத் தாண்ட நினைக்காதீர்கள். வைக்கோல், போன இலையுதிர் காலத்துச் சருகு, காயவைத்த புல்வெட்டு, எதுவானாலும் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டோடு ஒட்டாமல் சற்று விலக்கிப் போட வேண்டும். மூடாக்குக்கு அடியில் புழு சேரும், ரக்கூன் அதையும் புரட்டும். ஆகவே கன்று நட்டதும் மண்மேல் கம்பி வலையைப் படுக்கையாக விரித்து, செடி வருகிற இடத்தில் மட்டும் வெட்டிவிட்டு, அதற்குமேல் மூடாக்கு போடுங்கள். வலையின் ஓரங்களை வளைத்த கம்பியால் மண்ணோடு அறைந்துவிட வேண்டும். விரலுக்குக் கம்பி தட்டுப்பட்டால் ரக்கூனுக்கு அந்த இடம் பிடிக்காது. இந்த ஒரு வேலைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

பானைப் பாசனமும் அங்கே நன்றாக எடுபடுகிறது. மெருகு பூசாத மண்தொட்டி வாங்கி, அடித்துளையைக் கார்க்கால் அடைத்து, கழுத்துவரை புதைத்து நிரப்பினால் இரண்டு மூன்று நாளைக்குக் கசிந்துகொண்டே இருக்கும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் ரக்கூனுக்கும் சுவாரஸ்யம் இல்லை. மூடிமேல் ஒரு செங்கல் வையுங்கள். சும்மா மூடினால் திறந்து கைவிட்டு அளையும்.

வேலி விஷயத்தில் நம் அனுபவம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஏற்றது. மூங்கில் படலும் கருவை முள்ளும் ஆட்டை நிறுத்தும். ரக்கூன் ஏறும், தோண்டும், கொண்டி நீக்கும். ஓட்டு வீட்டில் மரநாயோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் குணம் பாதி தெரியும்: பகலில் கூரைக்கடியில் தூக்கம், இருட்டினால் பழம் தேடி உலா. மீதிப் பாதி அந்தக் கையின் சாமர்த்தியம். டொராண்டோ நகராட்சி 2016-ல் சமையலறைக் கழிவுக்கான பச்சைத் தொட்டிகளைச் சுழற்றித் திறக்கும் பூட்டோடு மாற்றிக் கொடுத்ததே இதற்காகத்தான்.

வேலி போடுவதென்றால் விறைப்பாக நிற்க வைக்காதீர்கள். நாலடி உயரக் கம்பி வலையில் மேலே ஒன்றரை அடியைக் கம்பத்தோடு கட்டாமல் வெளிப்பக்கம் தொங்கவிட்டால், ஏறும்போது பாரத்தில் பின்னால் மடியும். கீழே ஓர் அடியை வெளிப்புறமாக மடித்துத் தரையில் அறையுங்கள், தோண்ட வராது. கம்பத்துக்குக் குழி எடுக்கும் முன், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் ‘ஒன்டாரியோ ஒன் கால்’ சேவைக்குச் சொல்லிவிட வேண்டும். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து குறித்துத் தருவார்கள். இது சட்டம், உபசாரமல்ல. மின்வேலி நினைப்பிருந்தால் முதலில் நகராட்சியிடம் கேளுங்கள், குடியிருப்புகளில் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

அசைவு கண்டதும் தண்ணீர் பீய்ச்சும் கருவி வேலை செய்கிறது, அவ்வப்போது இடம் மாற்றினால். ரேடியோ, விளக்கு, மிளகாய்த்தூள் எல்லாம் ரெண்டு நாள் வேடிக்கை. அந்துருண்டை போடவே போடாதீர்கள், மண்ணுக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு. எலிக்கு வைக்கிற தஞ்சாவூர்க் கிட்டியை அங்கே யாரும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. கூண்டில் பிடித்துத் தூரத்தில் விட்டுவரலாம் என்று நினைத்தாலும் முடியாது, ஒன்டாரியோவில் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். வசந்தத்தில் பிடிபடுவது பாலூட்டும் தாயாக இருந்தால் குட்டிகள் உங்கள் பரண்மேல் செத்துக் கிடக்கும்.

உடம்புக்கான எச்சரிக்கையைப் பெரியவர்கள் கவனமாகக் கேளுங்கள். வெறிநாய்க்கடிக்குப் பயப்படுகிற அதே பயம் இதற்கும் வேண்டும். 2015 கடைசியில் டொராண்டோவுக்குப் பக்கத்து நகரமான ஹாமில்டனில் ரக்கூன் வெறிநோய் கண்டுபிடிக்கப்பட்டது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பகலில் தென்பட்டாலே நோய் என்று முடிவுகட்ட வேண்டாம், குட்டிபோட்ட தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாடினால், பயமின்றி நெருங்கினால் நகராட்சியின் 311 எண்ணை அழையுங்கள். ஒரே இடத்தில் எச்சமிடுவது அதன் வழக்கம். அதிலிருக்கும் உருண்டைப் புழு முட்டை மனித மூளைவரை பாதிக்கக்கூடியது. கையுறை போட்டு அள்ளி, அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். பேரப்பிள்ளைகளின் மணல்பெட்டியை இரவில் மூடிவையுங்கள்.

எல்லாப் பழியையும் ரக்கூன்மேல் போடுவதும் நியாயமில்லை. தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டுப் போவது அணில், வறட்சியில் தாகத்துக்குத்தான். லேசாக நிறம் மாறியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். தளிரைக் கத்தரியால் வெட்டியது போலிருந்தால் முயல். மக்காச்சோளத் தட்டையைச் சாய்த்துக் கதிரை உரித்திருந்தால் சாட்சாத் ரக்கூன்தான். சோளம், முலாம்பழம், திராட்சை மூன்றையும் முதல் வருஷம் மறந்துவிடுங்கள். பாகல், மிளகாய், கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை, பந்தலில் புடலை, இவற்றில் அதற்கு ருசி குறைவு. புல்தரையே சுருள்சுருளாகப் புரண்டு கிடந்தால் அடியில் வண்டுப் புழு மிகுந்திருக்கிறது. அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பதை ஒன்டாரியோ 2009-லேயே தடைசெய்துவிட்டது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் புழுவைத் தின்னும் நூற்புழுக்களைத் தோட்டக் கடையில் வாங்கி, நனைந்த தரையில் ஊற்றலாம்.

ஊர் திரும்பும் டிக்கெட் அக்டோபரில் என்றால், அதற்கு முன் பச்சைத் தக்காளியைப் பறித்துவிடுங்கள். மண்பானையைத் தோண்டி உள்ளே எடுங்கள், பீப்பாயைக் கவிழ்த்துவிடுங்கள். விட்டால் உறைந்து விரிசல்விடும். அந்த மாதமே பூண்டுப் பல்லை ஊன்றி மூடாக்குப் போட்டால் அடுத்த ஜூலையில் தோண்டலாம். பூண்டை ரக்கூன் சீண்டுவதில்லை. புதிதாகக் கொத்திய மண்ணைக் கண்டால் அணில்தான் ஒன்றிரண்டு பல்லைப் பிடுங்கிப் போடும், அதனால் கம்பி வலையைச் சுருட்டாமல் அங்கேயே விரித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.